நம்பியாண்டார் நம்பிகளும் தில்லைத் திருவேடுகளும்

கொங்குநாட்டுச் சேவூருக்கு அணித்தாயுள்ள அவிநாசியிலே, முதலையுண்ட பாலனை மீட்டற்பொருட்டுச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் பாடியருளிய திருப்பதிகம் குறிஞ்சிப் பண்ணில் இன்றும் ஓதப்பெறுகின்றது. அதனைக் கேட்குந்தோறும் நாம் நன்றியுடன் நினைத்தற்குரியார் நம்பியாண்டார் நம்பிகளாவர்.

நம்பிகள் திருநாரையூரில் ஆதிசைவ மரபில் தோன்றினார். இளமையில் தாம் படைத்த நிவேதனத்தைப் பொல்லாப்பிள்ளையார் உண்டருளவும், அவர்பாலே கலைகளை ஓதியுணரவும் பேறுபெற்றார் என்று திருமுறைகண்ட புராணம் கூறும். அக்காலத்துச் சோழவேந்தன், மூவர் தமிழ் முழுதுங் கிடையாமைக்கு வருந்தி நம்பிகளை அடைந்தான். அவனை முதல் இராசராசன் என்பாரும், முதலாம் ஆதித்தன் என்பாரும் உளர். மூவர் கையடையாளம் பொறித்த ஏடுகள் தில்லைத் திருக்கோயிலில் இருத்தலைப் பிள்ளையார் திருவருளால் நம்பிகள் உணர்த்தினார். ஏடுகளை வைத்த மூவரும் வந்தாலன்றி அவ்வறை திறத்தற்பாலதன்றென்று தில்லைவாழந்தணர் மறுத்தனர். அரசன் மூவர் திருவுருவங்களையும் அங்கு எழுந்தருளச்செய்து கதவந் திறப்பித்தான்.

உள்ளே ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து அதனை நீக்கிப் பார்க்குங்கால், பல ஏடுகள் செல்லரித்து ஒழிந்திருந்தன. இக்காலத்திற்கு வேண்டுவன எஞ்சியுள்ளன என்று அசரீரி எழ, மன்னன் ஆறுதலடைந்தான் என்ப.

எஞ்சியவற்றை நம்பிகள் ஏழு திருமுறைகளாக வகுத்தார். சம்பந்தர் பாடல்கள் முதல் மூன்றாகவும், அப்பர் பாடல்கள் அடுத்த மூன்றாகவும், சுந்தரர் பாடல்கள் ஏழாவதாகவும் அமைந்தன. எழுத்துக் கிடைத்தும் இசை மறைந்திருந்தமையால், திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணியாரைக்கொண்டு பண்ணடைவு வகுப்பித்தனர். நம்பிகள் தாமும் 89 பாட்டாகத் திருத்தொண்டர் திருவந்தாதி அருளினார். சேக்கிழார் பெருமானுக்கு அதுவே வழியாயிற்று.

இச்சரிதத்தால் அறியத்தக்கது யாது? இலச்சினையிட்டுப் போற்றிய ஏடு செல்லுக்கு இரையாயிற்று. ஒரு குலத்தார் நாவிற் பயின்ற பண்ணோ பிழைத்து நின்றது. முதல் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ்செய்ய 48 பேரை நியமித்ததும் ஓதுதலே காவலென்று கருதியதனாற் போலும். ஏட்டில் இல்லாத திருவிடைவாய்ப் பதிகம் 1917இல் அவ்வூர்க் கல்வெட்டினின்றும் வெளிப்பட்டது. எஞ்சியது போதுமென்று அசரீரி கூறியது இழந்தார்க்கு ஆறுதலேயன்றி, இனியும் இழத்தற்கு உடன்பாடன்று. ஆதலின் அன்பர்கள் திருமுறையைப் பூசித்தலோடு அமையாது, பண்ணோடு பயின்று மைந்தர்க்கும் பயிற்றுவாராக. நம்பிகளுக்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவேயாம்.

திருச்சிற்றம்பலம்.