காய்ச்சலுக்கு வாய்க்கால் வெட்டிய வைத்தியர்



நம் பாசிர் ரிஸ் பூங்காவில் உள்ள சதுப்புநிலக் காட்டைப் பார்த்திருப்பீர்கள். பலகைப் பாதையில் நடந்து, சேற்று நண்டுகளை வேடிக்கை பார்த்துவிட்டு வீடு திரும்புகிறோம். ஆனால் நூறு வருஷத்துக்கும் முன்னாலே, மலாயாவில் இதே மாதிரி ஒரு சதுப்பில் துறைமுகம் கட்டி வேலைக்கு ஆள் வைத்தபோது என்ன நடந்தது தெரியுமா? அதைச் சொல்லத்தான் சர் மால்கம் வாட்சனின் வாழ்க்கையை இங்கே எழுதுகிறோம்.

வாட்சன் 1873இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கிளாஸ்கோவில் மருத்துவம் படித்தார். 1901இன் தொடக்கத்தில் அரசாங்க வைத்தியராகக் கிள்ளானுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 27. அதற்கு நாலு வருஷம் முன்புதான், இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார்.

1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைக்கு அதன் பெயர் போர்ட் கிள்ளான். திறந்த கொஞ்ச நாளிலேயே தொழிலாளர்கள் வரிசையாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

வாட்சன் மருந்து கொடுத்ததோடு நிற்கவில்லை. நோயாளியை மட்டும் பார்த்தால் போதாது, அவன் வேலை செய்யும் இடத்தையும் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். புதரை வெட்டி, கரை கட்டி, வாய்க்கால் தோண்டித் தேங்கிய நீரை வடிய வைத்தார்கள். பலன் என்ன? 1901இல் மலேரியாவால் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் கிள்ளான் நகரில் 334 பேர், துறைமுகத்தில் 188 பேர். 1905இல் அது 12 ஆகவும் 11 ஆகவும் இறங்கிவிட்டது.

பிறகு அவர் அரசாங்க வேலையை விட்டு, ரப்பர்த் தோட்டங்களின் வைத்தியரானார். அங்கே பால் மரம் சீவியவர்கள் யார்? கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிமார்தான். வாட்சன் லயங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். மலேரியா அடிக்கடி வந்தால் மண்ணீரல் வீங்கும். எத்தனை பிள்ளைகளுக்கு வீக்கம் என்று எண்ணினால், அந்த இடத்தின் நிலைமை தெரிந்துவிடும்.

இங்கேதான் ஒரு பெரிய பாடம் கிடைத்தது. தாழ்ந்த நிலத்தில் காட்டை வெட்டியதும் காய்ச்சல் குறைந்தது. மலைச்சரிவுத் தோட்டங்களில் அதே வேலையைச் செய்தால் காய்ச்சல் குறையவில்லை! காரணம், கொசுக்கள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. ஒன்று நிழலான சதுப்பில் முட்டையிடும். மற்றொன்றுக்கு வெயில் படுகிற தெளிந்த ஓடைதான் வேண்டும். காட்டை வெட்டி வெயிலை விட்டது அதற்கு வசதியாகப் போய்விட்டது. நல்ல எண்ணம் மட்டும் போதாது, ஆராய்ச்சியும் வேண்டும் என்பது புரிகிறதல்லவா? வாட்சன் ஓடை நீரைத் தரைக்கடியில் குழாய் வழியே ஓட விட்டார்; சில இடங்களில் எண்ணெய் தெளிக்கச் செய்தார். 1911இல் நம் சிங்கப்பூருக்கும் வந்து ஆலோசனை சொன்னார்.

அவர் 1924இல் சர் பட்டம் பெற்றார். பின்னர் லண்டனில் ராஸ் பெயரால் அமைந்த நிலையத்தில் பணியாற்றி, ஆப்பிரிக்காவின் செம்புச் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் இதே வழியைக் காட்டினார். 1955இல் காலமானார்.

உண்மையையும் சொல்லிவிட வேண்டும். தோட்டத்துத் துரைமார் பணம் செலவழித்தது அன்பினால் மட்டுமல்ல. ஆள் படுத்தால் வேலை நிற்கும், நஷ்டம் வரும். வாட்சனும் இந்தக் கணக்கைக் காட்டித்தான் அவர்களைச் சம்மதிக்க வைத்தார். அந்த வாய்க்கால்களை வெட்டியவர்களோ தொழிலாளர்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

1982இல் உலகச் சுகாதார நிறுவனம் சிங்கப்பூரை மலேரியா ஒழிந்த நாடென்று அறிவித்தது. ஆனால் டெங்கி இன்னும் நம்மை விடவில்லை. கட்டுமான இடங்களில் தேங்கிய நீரைத் தேடி அலைகிறவர்கள் வாட்சன் தொடங்கிய வேலையைத்தான் செய்கிறார்கள்.

மாணவ மணிகளே! பரிசு வாங்கி வீடு திரும்பும்போது, வழியில் கட்டடம் கட்டுகிற அண்ணன்மாரைப் பார்ப்பீர்கள். வேலைக்குப் போகிறவர் முழுசாக வீடு திரும்ப வேண்டும். அது தலைவிதி அல்ல, படித்தவர்களின் பொறுப்பு. உங்களில் ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்றால், அதுவே இந்தப் பள்ளிக்குக் கிடைக்கும் பரிசு.