பீடத்திலிருந்து ஏழையின் வாசலுக்கு

பிரான்சு நாட்டில் 1581-இல் எளிய உழவர் குடியில் பிறந்தவர் புனித வின்சென்ட் தே பவுல். 1617-இல் ஷாத்தியோன் பங்கில் ஞாயிறு திருப்பலிக்கு அவர் ஆயத்தமாகையில், ஒரு குடும்பம் முழுவதும் நோயுற்றுக் கிடக்கும் செய்தி வந்தது. பிரசங்கத்தில் அதையே எடுத்துரைத்தார். அன்று மாலையே மக்கள் உணவுடன் அவ்வீட்டிற்குத் திரண்டனர். இன்று மிகுந்து வீணானால் நாளை யார் தருவார் என எண்ணி, முறைவைத்து உதவ பிறரன்புச் சங்கம் அமைத்தார். 1633-இல் புனித லூயிஸ் தெ மரியாக் அம்மையாருடன் பிறரன்புப் புதல்வியர் சபையை நிறுவினார். செபவேளையில் ஏழை அழைத்தால் எழுந்து செல்வது கடவுளைப் பிரிவதாகாது என அவர்களுக்குப் போதித்தார். 1660-இல் இறைவனடி சேர்ந்த அவரை 1737-இல் திருச்சபை புனிதராக உயர்த்தியது. யூபிலி கொண்டாடும் நாமும், பீடத்தில் பெறும் அன்பை அடுத்த வீட்டு வாசலுக்குக் கொண்டு செல்வோமாக. அன்பில்லா ஆராதனை எண்ணெயில்லா விளக்கன்றோ!