கடல் சிலந்தியில் ஆரம்பித்த விஞ்ஞானி



தாமஸ் ஹண்ட் மார்கன் என்றதும் பிளஸ் டூ உயிரியல் படிக்கிறவர்களுக்குப் பழ ஈ தான் ஞாபகம் வரும். ஆனால் அவர் டாக்டர் பட்டம் வாங்கியது கடல் சிலந்தியை ஆராய்ந்து! இதைப் படித்ததும் எனக்கு ரொம்ப ஆச்சரியம். அதனால் அவர் கதையை எழுதுகிறேன்.

மார்கன் 1866 செப்டம்பர் 25-ல் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் பிறந்தார். நம்ம ஆர்.கே.பேட்டை மாதிரியே அங்கேயும் கடல் கிடையாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிறகு வுட்ஸ் ஹோல் என்ற கடற்கரைக்குப் போனார். அந்தக் குளிர்ந்த கடலில் கிடைத்ததுதான் கடல் சிலந்தி.

அது ஒரு வேடிக்கையான பிராணி. உடம்பு குச்சி மாதிரி, மற்றதெல்லாம் கால்தான். பெரும்பாலும் எட்டுக் கால். உடம்பில் இடம் போதாமல் குடல் கால்களுக்குள்ளேயும் போகும். செவுள் கிடையாது, தோல் வழியாகத்தான் மூச்சு. பெரும்பாலான வகைகளில் முட்டைகளைச் சுமப்பது அப்பா!

இது சிலந்திக்குச் சொந்தமா, நண்டு இறாலுக்குச் சொந்தமா என்று அப்போது விஞ்ஞானிகளுக்குள் பெரிய வாதம். மார்கன் முட்டைக்குள் கரு வளர்வதை மைக்ராஸ்கோப்பில் படிப்படியாகப் பார்த்தார். சிலந்திக்குத்தான் நெருக்கம் என்று எழுதி 1890-ல் பட்டம் பெற்றார். இன்றைய மரபணு ஆய்வுகளும் சிலந்தி, தேள் இருக்கிற பெரிய பிரிவில்தான் இதைச் சேர்க்கின்றன.

1904-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். சில வருஷம் கழித்து, பால் பாட்டில்களில் வாழைப்பழம் போட்டு ஈ வளர்க்க ஆரம்பித்தார். 1910-ல் சிவப்புக் கண் ஈக்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கண் ஆண் ஈ! அதன் பேரப்பிள்ளைகளில் ஆண்களுக்கு மட்டுமே வெள்ளைக் கண் வந்தது. குரோமோசோம் கொள்கையை அதுவரை நம்பாத மார்கன், இதைப் பார்த்ததும் தன் கருத்தையே மாற்றிக்கொண்டார். பாரம்பரியத்தில் குரோமோசோம்களின் பங்கைக் கண்டறிந்ததற்காக 1933-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தில் தன் மாணவர்கள் பிரிட்ஜஸ், ஸ்டர்டிவன்ட் ஆகியோரின் பிள்ளைகள் படிப்புக்கும் பங்கு கொடுத்தார். 1945 டிசம்பர் 4-ல் காலமானார்.

சிலந்தி முட்டையானாலும் ஈயானாலும் அவர் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினார். பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிற நமக்கு இது பெரிய பாடம்.

நண்பர்களே, நம்ம ஊரில் கடல் சிலந்தி கிடைக்காது. ஆனால் கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றுகிற ஈ எல்லார் வீட்டிலும் உண்டு. லேப்பில் லென்ஸ் கேட்டு வாங்கி, அதன் கண் என்ன நிறம் என்று நீங்களே பாருங்கள்!

– பன்னிரண்டாம் வகுப்பு, உயிரியல் பிரிவு