விண்ணில் ஒரு கண் வேண்டியவர்

உணவு தானியத்துக்கே வெளிநாட்டுக் கப்பல்களை எதிர்நோக்கியிருந்த நாட்டுக்கு விண்வெளி ஆராய்ச்சி எதற்கு? 1960களில் கற்றோரும் மற்றோரும் ஒருசேர எழுப்பிய வினா இது. நியாயமான வினாவும் கூட. இதற்குச் செயலால் விடை தர முற்பட்டவர் விக்ரம் அம்பாலால் சாராபாய். அவரை ராக்கெட்டுகளோடு இணைத்தே பாடநூல்கள் பேசுகின்றன. நாம் ஈண்டு எழுதப் புகுவது, விண்ணிலிருந்து மண்ணை நோக்கும் தொலையுணர்வுக் கலைக்கு அவர் இட்ட வித்தினைப் பற்றியது. அவ்வித்தின் விளைவு நம் பழனிமலைத் தொடர் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

சாராபாய் 1919 ஆகஸ்ட் 12ஆம் நாள் அகமதாபாத்தில், நெசவாலை நடத்திய செல்வக் குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் தாயகம் திரும்பி, பெங்களூரில் சர் சி.வி. இராமனின் கீழ் அண்டக்கதிர் ஆய்வில் ஈடுபட்டார். 1942இல் சென்னை வழக்கறிஞர் சுவாமிநாதனின் மகளும் நாட்டியக் கலைஞருமான மிருணாளினியை மணந்தார். போர் முடிந்தபின் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று, 1947இல் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். அப்போது அவருக்கு வயது 28. குடும்பச் செல்வத்தை நுகர்ந்தபடி வாழ்ந்திருக்கக் கூடியவர், அப்படி வாழவில்லை.

நிலக் காந்த நடுக்கோட்டை ஒட்டிய தும்பா என்னும் கேரளத்து மீனவச் சிற்றூரை ராக்கெட் ஏவுதளத்துக்கென அவர் தேர்ந்தார். அவ்விடத்தில் புனித மரிய மகதலேனா தேவாலயம் இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா அவர்களிடம் சாராபாய் பணிவுடன் வேண்டினார். ஆயரும் ஊராரும் இசைந்தனர். தேவாலயமே விஞ்ஞானிகளின் பணிமனையாயிற்று. அதிகாரத்தைக் காட்டி எடுத்துக்கொண்டிருக்கலாம். கேட்டுப் பெற்றதுதான் சிறப்பு. 1963 நவம்பர் 21ஆம் நாள் அங்கிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. அப்பணியில் நின்ற இளைஞருள் ஒருவர் இராமேசுவரத்து ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். அவரை நேர்காணலில் தெரிவு செய்த குழுவில் சாராபாயும் இருந்தார்.

இனித் தென்னை மரத்துக்கு வருவோம். பாலக்காட்டை அடுத்த கொல்லங்கோட்டில் பிறந்த வானிலை அறிஞர் பி.ஆர். பிஷாரடி அகமதாபாத் ஆய்வுக்கூடத்தில் சாராபாயுடன் இணைந்தார். (நம் ஊரிலிருந்து பழனி, பொள்ளாச்சி வழியே பாலக்காடு செல்வோர் கடக்கும் ஊரே அது.) 1970இல் பிஷாரடி குழுவினர் ஹெலிகாப்டரில் ஏறி, வேர்வாடல் நோய் தாக்கிய கேரளத் தென்னந்தோப்புகளை அகச்சிவப்புக் கதிர் பதியும் படச்சுருளில் எடுத்தனர். நலமுள்ள இலை, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரை மிகுதியாக எதிரொளிக்கும். நோயுற்ற இலையில் அது குன்றும். ஓலை மஞ்சளாகும் முன்பே இக்குறைவு படத்தில் தெரிந்துவிடும். தரையில் நின்று நோக்கும் உழவர் அறியாததை வானில் நின்ற கருவி அறிந்தது. இந்தியத் தொலையுணர்வின் முதல் ஆய்வு என இதனைச் சுட்டுவர். பார்வையையும் ஒளியையும் பற்றிய இக்கலையின் வேர், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கிதாபுல் மனாஸிர் இயற்றிய இப்னுல் ஹைதம் வரை செல்வதையும் நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நலம்.

1969 ஆகஸ்ட் 15இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் உருவாயிற்று. ஹோமி பாபா மறைந்த 1966ஆம் ஆண்டு முதல் அணுசக்தி ஆணையத்தின் தலைமையும் சாராபாயிடமே இருந்தது. ஓய்வறியா உழைப்பு அவர் உடலை வருத்தியது. 1971 டிசம்பர் 30ஆம் நாள், தும்பாவுக்குப் பணிநிமித்தம் வந்திருந்தவர், கோவளத்து விடுதியில் உயிர் நீத்தார். அவரைச் சந்திப்பதற்காகத் திருவனந்தபுரம் வந்திறங்கிய கலாம் அவர்களுக்கு விமான நிலையத்திலேயே அச்செய்தி கிடைத்தது. சாராபாய்க்கு வயது 52.

அவர் மறைந்து ஏழு மாதங்களுக்குள், 1972 ஜூலை 23இல், அமெரிக்கா முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளை ஏவியது. தென்னந்தோப்பின் மேல் பயன்பட்ட அகச்சிவப்புக் கண்ணே அதிலும் இருந்தது. நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ். 1ஏ 1988 மார்ச் 17இல் ஏவப்பட்டது. சாராபாய் இவற்றுள் ஒன்றையும் காணவில்லை.

இக்கண் நம் மலையில் கண்டது என்ன? கீழிருந்து நோக்கும் நமக்குப் பழனிமலை முழுதும் பசுமையே. பசுமையாக இருப்பதால் நலமாக இருக்கிறது என்றே எண்ணுகிறோம். லேண்ட்சாட் படங்களைக் கொண்டு 1973 முதல் 2014 வரையிலான மாற்றத்தை அளந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. மலையுச்சிப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதென அது கூறுகிறது. அழிந்த இடம் பொட்டலாகவில்லை. வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரத்தோப்புகளாகவும் வேளாண் நிலமாகவும் மாறிவிட்டது. கோடையில் புல் காய்ந்து நிறம் மாறும், தோப்பு மாறாது. இவ்வேறுபாட்டைப் படம் பிரித்துக் காட்டிவிடுகிறது.

இச்செய்தி நமக்கு அயலானதன்று. வாட்டில் மரத்தின் பட்டை தோல் பதனிடும் துவர்ப்பொருள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போல அதுவும் தோல் தொழிலுக்கு வேண்டப்பட்டதே. திண்டுக்கல்லில் அத்தொழிலால் நம் சமுதாயத்துக் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்ந்துள்ளன. மரம் நட்டோரையோ பட்டை வாங்கியோரையோ நாம் குறைகூற வரவில்லை. புல்வெளியைப் பயனற்ற தரிசெனக் கருதிய காலம் அது. ஆயினும் சண்முகநதியும் மஞ்சளாறும் அம்மலையிலிருந்தே இறங்குகின்றன. மழைநீரைப் பஞ்செனத் தாங்கி மெல்லக் கசியவிடுவன புல்லும் சோலையுமே. நம் சமவெளிக் கிணறுகளின் கவலை அங்கே தொடங்குகிறது.

அதற்காகத் தோப்புகளை முற்றிலும் வெட்டிவிடலாகாது என்போரும் உளர். முதிர்ந்த தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாக முளைத்து வருவதை அவர்கள் சான்று காட்டுகின்றனர். எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்பதற்குப் பரப்பளவு மட்டும் போதாது. மரத்தின் உயரமும் கிளை அடுக்குகளும் தெரிய வேண்டும். சாராபாயின் நிறுவனமும் அமெரிக்க நாசாவும் இணைந்து செய்த நைசார் செயற்கைக்கோள் 2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதன் ரேடார் அலைகள் மேகத்தையும் ஊடுருவும். இலைக்கூரையைக் கடந்து காட்டின் கட்டமைப்பை ஆராயவும் உதவும்.

1972க்கு முந்தைய மலையை லேண்ட்சாட் கண்டதில்லை. அப்புல்வெளிகளில் நடந்தவர்கள், மலைப்பட்டையை வண்டியில் ஏற்றி இறக்கியவர்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கலாம். எந்த மேட்டில் எப்போது புல் நின்றது, எந்த ஓடையில் எம்மாதம் வரை நீர் ஓடியது என்பதை நம் மாணவர்கள் அவர்களிடம் கேட்டு எழுதி வைத்தால், ஆய்வாளர்களின் படத்துக்கு முன்னே வைக்க ஓர் ஏடு கிடைக்கும்.