தங்க ஒட்டகமும் வராத பணமும்

விறகடுப்பு எல்லாருக்கும் தெரியும். விறகைக் கொஞ்சம் தூக்கி வச்சாத்தான் அடியில காத்து போகும், தீ நல்லா பிடிக்கும். பிரான்ஸ்ல குளிருக்காகச் சுவரிலேயே கணப்பு கட்டினவங்களுக்கும் இதே பிரச்சினைதான். அதுக்கு அவங்க வச்ச தீர்வு, ஒரு ஜோடி விறகு தாங்கி. ஆங்கிலத்தில் ஆண்டயர்ன், பிரெஞ்சில் ஷெனே.

டிசைன் ரொம்ப சிம்பிள். பின்னாடி நீளமான இரும்புக் கம்பி; சூட்டையும் விறகோட பாரத்தையும் அதுதான் தாங்கும். முன்னாடி, தீக்கு வெளியே, அழகுக்காகப் பித்தளை அல்லது வெண்கலச் சிற்பம். அந்த முன்பக்கத்தை வச்சே ஒருத்தர் பாரிஸ்ல பெரிய ஆளானார். அவர் பேர் பியர் குத்தியேர்.

1732இல் பார்-சுர்-ஓப் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். பாரிஸ் வந்து, உலோகத்தைச் செதுக்கி முலாம் பூசும் பட்டறையில் தொழில் கத்துக்கிட்டார். முதலாளி இறந்த பிறகு அவருடைய மனைவியையே திருமணம் செய்து, 1758இல் தானே மாஸ்டர் ஆனார். 1767இல் அரண்மனை வேலைகளுக்கு முலாம் பூசுபவராக நியமனம்.

இப்போ கொஞ்சம் கெமிஸ்ட்ரி. தங்கத்தைப் பாதரசத்தில் கரைச்சா பேஸ்ட் மாதிரி ஆகும். அதை உலோகத்து மேல தடவி சூடாக்கினா பாதரசம் ஆவியாகிப் போயிடும் (அதோட கொதிநிலை 357 டிகிரி செல்சியஸ்), தங்கம் மட்டும் ஒட்டிக்கும். அந்த ஆவி நரம்பையும் மூளையையும் கெடுக்கும் விஷம். எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாம் இல்லாத காலம்னு ஞாபகம் வச்சுக்கோங்க. குத்தியேர் பேர் வாங்கினது இந்த வேலையில் கொண்டுவந்த மேட் ஃபினிஷுக்கு. ஒரே சிற்பத்தில் சில இடம் கண்ணாடி மாதிரி மின்னும், பக்கத்திலேயே சில இடம் தோல் மாதிரி மங்கலா இருக்கும்.

காலமும் அவருக்குச் சாதகமா இருந்தது. பொம்பேயி அகழாய்வு 1748இல் தொடங்கியதும் ஐரோப்பா முழுக்கப் பழைய ரோமானிய பாணி மேல பைத்தியம். வளைஞ்சு நெளிஞ்ச அலங்காரம் போய், ஜாடி, மாலை, நேர்கோடு எல்லாம் வந்தது. அதுதான் நியோகிளாசிக்கல் பாணி. மன்னர் பதினைந்தாம் லூயியின் காதலி டூ பாரி சீமாட்டி, லூவ்சியென் மாளிகைக்கு அவரிடம் வேலை கொடுத்தார். ஓமோன் பிரபு கொடுத்தார். 1777இல் அரசி மரி அந்துவானெத்தின் ஃபோந்தேன்ப்ளோ அறைக்கு ஒட்டகம் உட்கார்ந்திருக்கும் ஷெனே ஜோடி செஞ்சார். இன்னிக்கு அது லூவ்ர் மியூசியத்தில் இருக்கு.

இவ்வளவு பெரிய கிளையன்ட்ஸ் இருந்தா லைஃப் செட்டில்னு தோணும், இல்லையா? இங்கதான் கவனிக்கணும். தங்கம், பாதரசம், ஆள் கூலி எல்லாம் குத்தியேர் கையிலிருந்து போகுது. பெரிய மனுஷங்க பணம் தர்றது அவங்க இஷ்டம். 1774இல் மன்னர் இறந்தார், டூ பாரி அரண்மனையை விட்டே போனார். ஓமோன் பிரபு 1782இல் காலமானார். அந்த வருஷம் அவர் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தப்போ, அரச தம்பதியே குத்தியேர் செஞ்ச பொருட்களை வாங்கினாங்க. அதனால புகழ் கூடியது, கடன் குறையல. நடுவுல கடன் வாங்கிப் பெரிய கட்டடமும் கட்டியிருந்தார். 1787இல் திவால்.

அப்புறம் புரட்சி. 1793 டிசம்பரில் டூ பாரியின் தலை கில்லட்டினில் போனது, சொத்து அரசுக்குப் போனது. அவர் வைத்த பெரிய பாக்கி குத்தியேர் உயிரோடிருந்தவரை தீரவே இல்லை. 1813இல், 81 வயதில், பாரிஸில் வறுமையில் இறந்தார்.

நம்மில் பலர் இப்பவே ஃப்ரீலான்ஸ் பண்றோம், சிலர் ஸ்டார்ட்அப் தொடங்கப் போறோம். வேலை நல்லா தெரிஞ்சா போதும்னு நினைக்கிறவங்க குத்தியேரைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அவரை விட நல்லா வேலை தெரிஞ்சவர் அன்னிக்கு பாரிஸ்ல அநேகமா யாருமில்லை. அட்வான்ஸ் வாங்குறதும், ஒரே மாதிரி கிளையன்ட்டை மட்டும் நம்பாம இருக்கறதும் கூட தொழில்தான். முன்னாடி இருக்கிற தங்கத்தைத்தான் எல்லாரும் பார்ப்பாங்க. ஆனா பாரத்தைத் தாங்கறது பின்னாடி இருக்கிற இரும்புக் கம்பி. உங்க கம்பி ஸ்ட்ராங்கா இருக்கான்னு முதல்ல பாருங்க.