சிலந்திக்கு எட்டுக் கண் எதற்கு?

ஒரு கோடை இரவில், வீட்டுக் கொல்லைப்புறத்தில் தொலைந்த சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். நெற்றியில் டார்ச் விளக்கு. புல்லுக்குள் பச்சையாய்ச் சில பொறிகள் மின்னின. பனித்துளி என்று நினைத்துக் குனிந்தேன். ஒரு துளி ஓடியது! ஓநாய்ச் சிலந்தி. அதைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் ழான் ஆன்றி ஃபாப்ரிடம் வந்து சேர்ந்தேன்.

1823-ல் தெற்கு பிரான்சில் ஓர் ஏழை வீட்டில் பிறந்தவர். உதவித்தொகையில் படித்து ஆசிரியரானார். அவின்யோன் நகரில் நடந்த பொது வகுப்பில், பூ எப்படிக் கருவுறுகிறது என்று இளம்பெண்களுக்கும் சேர்த்து விளக்கினார். ஊர் கொதித்தது. வேலையை விட வேண்டியதாயிற்று. குடியிருந்த வீடும் போயிற்று. நண்பர் ஜான் ஸ்டூவர்ட் மில் கொடுத்த 3000 ஃபிராங்க் கடன்தான் குடும்பத்தைக் காப்பாற்றியது. பாடநூல்கள் எழுதிப் பிழைத்தார். 1877-ல் அருமை மகன் ஜூல் இறந்தான். 1879-ல் செரிஞான் கிராமத்தில், கல்லும் முள்ளுமாய்க் கிடந்த ஒரு ஹெக்டேர் நிலத்தை வாங்கினார். அப்போது வயது 55. பூச்சிகளுக்கும் சிலந்திகளுக்கும் அதுவே சொர்க்கம்.

வலையின் நடுவே சிலந்தி உட்கார்ந்திருக்கிறது. செத்த வெட்டுக்கிளி ஒன்றை அருகே ஒட்டிவைத்தார். எட்டுக் கண் இருந்தும் சிலந்தி அசையவில்லை. ஒரு துரும்பால் வெட்டுக்கிளியை லேசாக ஆட்டினார். பாய்ந்து வந்தது! அடுத்து வெட்டுக்கிளி அளவுக்குச் சிவப்புக் கம்பளி நூலை உருட்டி ஒட்டி, அதையும் ஆட்டினார். அதற்கும் ஓடி வந்தது. இன்னொரு வகைச் சிலந்தி இலை மறைவில் இருந்துகொண்டு, வலை நடுவிலிருந்து வரும் ஓர் இழைமேல் காலை வைத்திருக்கும். ஃபாப்ர் அந்த இழையை வெட்டினார். வலையில் இரை துடித்தும் சிலந்திக்குத் தெரியவில்லை. ஆக, வலைச் சிலந்தி இரையை அறிவது காலால்!

வலை பின்னாமல் வேட்டையாடும் ஓநாய்ச் சிலந்தியின் கதை வேறு. முன்வரிசையில் நான்கு சிறு கண்கள். அதற்கு மேலே முன்னோக்கி இரண்டு பெரிய கண்கள். பின்னால் இன்னும் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒற்றை லென்ஸ்தான். ஈயின் கண்போல ஆயிரம் அறைகள் இல்லை. முன்வரிசையின் நடு இரண்டைத் தவிர மற்ற ஆறிலும் விழித்திரைக்குப் பின்னே கண்ணாடிபோல ஒரு படலம் உண்டு. விழித்திரையில் பிடிபடாமல் கடந்த ஒளியை அது திருப்பி அனுப்பும். மங்கலிலும் பார்க்க இரண்டாம் வாய்ப்பு. வந்த வழியே ஒளி திரும்புவதால், விளக்கு நம் கண்ணருகே இருந்தால்தான் மின்னல் தெரியும். வளையின் ஆழத்தில் நான்கு கண்கள் ஒளிர்வதை ஃபாப்ரும் எழுதியிருக்கிறார்.

டார்வின் அவரை மதித்தார். இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஆனால் பரிணாமக் கொள்கையை ஃபாப்ர் கடைசிவரை ஏற்கவில்லை. அங்கே அவர் தவறினார் என்றுதான் சொல்லவேண்டும். ஆனாலும் அவர் செய்த சோதனைகள் நிற்கின்றன. பூச்சிகளைப் பற்றிய அவருடைய நூலின் பத்தாம் தொகுதி 1907-ல் வெளிவந்தது. புகழ் முழுதாய் வந்தது அதற்கும் பிறகுதான். 1915-ல், 91 வயதில், அதே தோட்ட வீட்டில் மறைந்தார்.

அவரிடம் இருந்ததெல்லாம் துரும்பு, கம்பளி, கத்தரிக்கோல், பொறுமை. முதல் மூன்றும் என் வீட்டிலும் இருக்கின்றன.

சாவியா? மறுநாள் என் சட்டைப் பையிலேயே இருந்தது.