நாடகமே பள்ளியாக…

நடிப்பையும் இசையையும் முறையாகக் கற்பிக்க இன்று கல்லூரிகளும் பல்கலைக்கழகத் துறைகளும் உள்ளன. ஒரு நூற்றாண்டுக்கு முன் தமிழ்நாட்டில் அப்பணியைப் பெரிதும் ஆற்றியவை, ‘பாய்ஸ் கம்பெனி’ என மக்கள் அழைத்த சிறுவர் நாடகக் குழுக்களே. அவற்றின் தனிப்பெரும் ஆசிரியராகத் திகழ்ந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள்.

அவர் 1867ஆம் ஆண்டு தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். உப்பு நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றிய அவர், 24ஆம் வயதில் நாடகத்துறையில் நுழைந்தார். எமன், இரணியன் முதலிய வேடங்கள் அவருக்குப் புகழ் தந்தன. பின்னர் நடிப்பதைக் கைவிட்டு, நாடகம் இயற்றுவதிலும் பயிற்றுவிப்பதிலும் தம்மை ஈடுபடுத்திக்கொண்டார்.

அக்காலத்தில் நடிகர் சிலர் கதையை மறந்து, தம் திறமையை நிலைநாட்ட மேடையிலேயே சொற்போர் நிகழ்த்தினர். இளமையிலேயே ஒழுங்கு பழக்கினாலன்றி இக்குறை நீங்காது எனச் சுவாமிகள் கருதினார். 1918ஆம் ஆண்டு மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’யைத் தோற்றுவித்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கு மாணவராயினர். அவர்களுள் சண்முகத்திற்கு அப்போது ஆறு வயது.

அம்மாணவர்களுக்குச் சபையே வீடு, சபையே பள்ளி. பாடல்களையும் உரையாடல்களையும் பிழையற மனனம் செய்தனர். பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். பகலில் கற்ற பாடத்திற்கு இரவு மேடையே தேர்வுக்களம். சிறுவன் சண்முகத்தின் திறனை உணர்ந்த சுவாமிகள், அவன் நடிப்பதற்காகவே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர்.

1921ஆம் ஆண்டு சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. எண்ணற்ற பாடல்களைப் புனைந்து, பிறர் நாவில் தமிழைப் பழக்கிய ஆசிரியரின் நா பேச்சிழந்தது. எனினும், அவர் கற்பித்த பாடல்கள் மாணவர்தம் குரலில் ஒலித்துக்கொண்டே இருந்தன. 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் அவர் புதுச்சேரியில் மறைந்தார்.

திருமணம் செய்துகொள்ளாத சுவாமிகளுக்கு மாணவர்களே வழித்தோன்றல்கள். சண்முகமும் அவர்தம் உடன்பிறந்தோரும் 1925ஆம் ஆண்டு தனிக்குழு தொடங்கி, தமிழ் நாடகத்தைப் பல்லாண்டுகள் பேணினர். சுவாமிகள் இறுதி மூச்சைவிட்ட புதுச்சேரியில், மத்தியப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.